என் பெயரில் விழுந்த நான்கு

விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வராததால் அந்த வருடம் எட்டு மாதம் போடியில் அண்ணன் வீட்டில் இருக்கும்படி ஆகிவிட்டது. மூன்று வாரம்தான் என்று சொல்லி ஒற்றைப் பெட்டியோடு வந்திருந்தேன். மூன்று வாரம் மூன்று மாதமானதும் தெருவில் பேச்சு கிளம்பியது. வெளிநாட்டு வேலை போய்விட்டது, சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு மாடியிலேயே அடைந்து கிடக்கிறாள் என்றார்கள் சிலர். வேலை என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம் என்றார்கள் வேறு சிலர்.

வேலை இருந்தது. அண்ணன் மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாடி அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க நிறமாலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கேலக்ஸிக்கு நேர் பின்னால் வெகு தொலைவில் இன்னொரு கேலக்ஸி இருந்தால், முன்னால் இருப்பதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துவிடும். பின்னால் இருப்பது நமக்கு ஒரு வில்லாக, சில சமயம் முழு வளையமாகக்கூடத் தெரியும். முன்னால் இருப்பதை லென்ஸ் என்போம். படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று தெரியாதவரை அதை வைத்து எதையும் அளக்க முடியாது. லென்ஸின் எடையைக்கூடச் சொல்ல முடியாது. தொலைவை அறிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையாகப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன், ஹைட்ரஜன், இரும்பு என்று ஒவ்வொன்றும் நிறமாலையில் தனக்கென்று ஓர் இடத்தில் மேடாகவோ பள்ளமாகவோ கோடு விடும். கேலக்ஸி தொலைவில் இருக்க இருக்க அந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து சிவப்புப் பக்கமாக நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதிலிருந்து தொலைவு கிடைக்கும்.

கேலக்ஸிகளைப் பற்றிய எங்கள் கணக்கெடுப்பில் ஒரு பெரிய தொலைநோக்கியில் ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் இழையும் வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து ஒளியைப் பிடிக்கும். கணினி தொலைவைச் சொல்லும். கணினி தடுமாறும் படங்களை மனிதர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். இருவரும் போட்டு முடித்த பிறகுதான் இரண்டும் பொதுப் பட்டியலில் தெரியும். நான்கு என்றால் உறுதி, இரண்டு என்றால் சந்தேகம். அந்த இருவரில் ஒருத்தி நான். மற்றவன் ஐரோப்பாவில் இருந்த என் பழைய நண்பன். சந்தேகப்படுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று அவன் வேடிக்கையாகச் சொல்வான்.

அண்ணனுக்கு மலைமேல் ஏலத்தோட்டம். திங்கட்கிழமை காலை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். வீட்டில் மதினியும் நானும் மட்டும். மதினிக்குப் பொட்டிபுரம் பக்கம் பிறந்த வீடு. அந்த ஊர் மலையைக் குடைந்து உள்ளே ஓர் ஆய்வுக்கூடம் கட்டுவதாகப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அங்கே விஞ்ஞானி என்ற சொல்லே நல்ல சொல்லாக இல்லை. அவருடைய அண்ணன்மார் அதை எதிர்த்து நடந்த கூட்டங்களில் நின்றவர்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாராவது நினைப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஒருநாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே மதினி கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல மேல மட்டுந்தான் பாப்பாகளா, பூமிக்கு அடியிலயும் பாப்பாகளா?"

"ரெண்டும் பாக்குறவங்க இருக்காங்க மதினி. நான் மேல மட்டுந்தான்."

"ஓகோ" என்றார். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் எனக்குக் குழுவினரோடு கணினியில் பேச்சு இருக்கும். அந்த நேரங்களில் மதினிக்கு மாடிப்படியைக் கூட்டும் வேலை வந்துவிடும். ஆங்கிலத்தில் ஓர் ஆணோடு நான் சிரித்துப் பேசுவதைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியது அவருடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்திருக்க வேண்டும்.

அந்த வில் எங்களிடம் வந்தது இதற்கிடையில்தான். லென்ஸின் தொலைவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. வில்லின் தொலைவுதான் சிக்கல். நிறமாலையின் சிவப்பு ஓரத்தில் ஒரே ஒரு மேடு இருந்தது. நம் பூமியின் காற்றே வெளியிடும் ஒளி அதன் பாதியை மறைத்திருந்ததால் அது ஒற்றை மேடா, ஒட்டிக்கொண்ட இரட்டை மேடா என்று சொல்ல முடியவில்லை. ஒற்றை என்றால் ஹைட்ரஜன். வில் நம்ப முடியாத தொலைவில் இருக்கிறது, பெரிய செய்தி. இரட்டை என்றால் ஆக்சிஜன். தொலைவு வெகுவாகக் குறைந்துவிடும், எங்களிடம் ஏற்கெனவே இருந்த பலவற்றோடு இன்னொன்று. கணினி ஹைட்ரஜன் என்றது. நண்பன் அதை நம்பினான். கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டான். நான் தொலைவை அப்படியே விட்டு இரண்டு போட்டேன்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் இரண்டு" என்றான் அவன். சிரிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை குரங்கணியில் என்னோடு படித்த தோழி ஒருத்தியின் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. மதினிக்கும் அழைப்பு இருந்தது. தலைவலி என்று வரவில்லை. நான் மட்டும் காலையிலேயே கிளம்பினேன். ஜீப்பில் முன்சீட்டில் இடம் கிடைத்தது. கொஞ்சதூரம் போனதும் ஓட்டுநர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அந்த ஆராய்ச்சிக்காரக தானே?"

"வானத்த ஆராய்ச்சி பண்றேன் அண்ணே."

"அப்பிடித்தான் சொல்லுவாக" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குரங்கணியில் போனில் சிக்னல் கிடையாது. பொழுது சாயும்வரை காப்பிச் செடிகளுக்கு நடுவே சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் நண்பன் அழைத்தான்.

வில்லின் தொலைவை மாற்றி நான்கு போட்டிருக்கிறாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான். எனக்குப் புரியவில்லை. பொதுப் பட்டியலைத் திறந்தேன். உண்மைதான். அந்த வரிசையில் என் பெயருக்கு நேரே கிட்டத் தொலைவு, ஆக்சிஜன், உறுதி, நான்கு என்று இருந்தது.

"நான் போடவில்லை" என்றேன்.

"உன் பெயரில் இருக்கிறது."

"என் பெயரில் இருக்கிறது. நான் போடவில்லை."

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான். அவன் என்னை நம்பவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. நானும் அவனை நம்பவில்லை. பட்டியலில் எந்த வரியையும் திருத்தும் உரிமை எங்கள் இருவருக்கும் குழுத்தலைவிக்கும் மட்டும்தான். அவனுக்குத் தூரத் தொலைவுதானே வேண்டும், அவன் ஏன் கிட்டத் தொலைவைப் போடுவான் என்று ஒரு மனது கேட்டது. நான் அவசரப்பட்டு மாற்றிவிட்டேன் என்று காட்டி என்னை இந்தப் படத்திலிருந்தே விலக்கிவிடுவதற்காக இருக்கலாமே என்று இன்னொரு மனது பதில் சொன்னது. சந்தேகம் பிடித்துவிட்டால் எதுவும் பொருந்தும். அன்று மதியமே குழுத்தலைவிக்கு எழுதினேன். அவன் பெயரை நேராகச் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று எவருக்கும் புரியும்படி எழுதினேன். அந்தக் கடிதத்தை இன்றைக்கும் என்னால் முழுதாகப் படிக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துத் தலைவியிடமிருந்து பதில் வந்தது. திருத்தம் எங்கிருந்து நடந்தது என்று பதிவேட்டில் பார்த்திருந்தார்கள். வியாழக்கிழமை, இந்திய நேரம் முற்பகல் பதினொன்றே முக்கால். என் கடவுச்சொல். என் வீட்டு இணைப்பு. கடைசியில் ஒரே வரி: இதற்கு உன்னிடம் விளக்கம் இருக்கும் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நான் குரங்கணியில் இலையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மலைமேல் இருந்தார். தலைவலி என்று வீட்டில் இருந்தது ஒருவர்தான்.

அதன்பிறகு மதினியின் ஒவ்வோர் அசைவும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. நான் குளிக்கப் போனால் மாடியில் கால்சத்தம் கேட்கிறதா என்று தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். நாற்காலி நகர்ந்திருக்கிறதா என்று தரையில் பென்சிலால் புள்ளி வைத்தேன். இரண்டாம் நாள் புள்ளிக்கு நாலு விரல் தள்ளி இருந்தது. கூட்டும்போது நகர்ந்திருக்கலாம். ஆனால் அப்படி நினைக்க எனக்கு விருப்பமில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு, "போஸ்டாபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன் மதினி" என்று சொல்லிக் கிளம்பினேன்.

"வெயிலா இருக்கு, கொட கொண்டு போ" என்றார்.

தெருமுனையில் கால்மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படியிலேயே மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. சொந்த அண்ணன் வீட்டில் திருடியைப் போல ஏறுகிறேனே என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினேன்.

மதினி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்தும் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போஸ்டாபீஸ் போகலையா?"

"போகல."

"அப்ப என்னைய வேவு பாக்கத்தான் போற மாதிரி போயிருக்க."

"போன வியாழக்கெழம நாலு அமுக்குனது நீங்கதான மதினி?"

"ஆமா."

மறுப்பார் என்று எதிர்பார்த்துக் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆமா என்றதும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏன்?"

"எங்கண்ணன் போன் போட்டாக. உன் நாத்தனா மலைக் காரியமா வந்திருக்காளாமே, ஊர்ல பேசிக்கிறாகளேன்னு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. ஒங்கிட்ட கேட்டா நீ நேரா சொல்லுவியா? அடியில பாக்குறவங்களும் இருக்காங்கன்னு நீதான சொன்ன. அதான் தொறந்து பாத்தேன்."

"பாஸ்வேர்டு?"

"எனக்கு முன்னால எத்தன தடவ அடிச்சிருக்க. கண்ணு இல்லையா எனக்கு?"

முதல் தடவை தேடியது மலையின் வரைபடத்தை. பொட்டிபுரம் என்ற பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இல்லை. மேடும் பள்ளமுமான படங்கள்தான் இருந்தன. அதை மறைத்து வைத்திருப்பதற்கான வேஷம் என்று நினைத்து மறுபடி பார்த்திருக்கிறார். நான் குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது, என்று பத்துப் பன்னிரண்டு நாள். திரையின் அடியில் ஒரு பட்டை இருக்கும். அதை இழுத்தால் எல்லாத் தனிமங்களின் கோடுகளும் சேர்ந்து நகரும். எந்த இடத்தில் அவை மேடு பள்ளங்களோடு பொருந்துகின்றனவோ அதுதான் தொலைவு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கோட்டு மேலயே எழுதியிருக்கே, இரும்பு, மக்னீசியம்னு. நான் கெமிஸ்ட்ரி படிச்சவதான? பி.எஸ்ஸி. முடிச்ச மாசந்தான் உங்க அண்ணனக் கட்டிக்கிட்டு வந்தேன்."

எனக்கு அது தெரியும். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தது. இருபது வருடத்தில் ஒருதரம்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை.

"அந்தப் படத்துக்கு ஏன் நாலு போட்டீக?"

"நீ ரெண்டு போட்டிருந்த. தப்புன்னு தோணுச்சு. இங்கன பாரு."

பட்டையைக் கிட்டத் தொலைவுக்கு இழுத்தார். சிவப்பு ஓரத்து மேட்டின்மேல் ஆக்சிஜன் கோடு உட்கார்ந்தது. அது எனக்கும் தெரியும். பிறகு விரலை இடப்பக்கம் கொண்டுபோனார். நடுவில் அருகருகே இரண்டு சின்னப் பள்ளங்கள். அவற்றின்மேல் மக்னீசியம். இன்னும் இடப்பக்கத்தில் மூன்று பள்ளங்கள், மிகவும் மெலிந்தவை. மூன்றின்மேலும் இரும்பு.

அந்தப் பள்ளங்களை நான் பார்க்காமல் இல்லை. ஒரே இழையில் லென்ஸின் ஒளியும் வில்லின் ஒளியும் கலந்துதான் வரும். அவற்றை லென்ஸுடையவை என்று எடுத்துக்கொண்டு கடந்து போயிருந்தேன். இப்போது பட்டையை லென்ஸின் தொலைவுக்கு இழுத்துப் பார்த்தேன். அந்த இடங்களில் எந்தக் கோடும் விழவில்லை. இரண்டு வாரமாக நான் சந்தேகப்பட்டது அந்த ஒரு மேட்டை மட்டும்தான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன்.

"சரி மதினி. என் பேர்ல போட்டிருக்கீகளே."

"அது ஒம் பேர்ல போகும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அமுக்குனா அந்த வரிசையோட நெறம் மாறும்னுதான் தெரியும். மாறிருச்சு. திருப்பி மாத்தத் தெரியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா தொறந்தத சொல்லணுமே" என்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நீயும் ஒண்ணும் சொல்ற ஆளு இல்ல. எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரிச் சிரிச்சுப் பேசிட்டு, என்னையக் கண்டா கொரலக் கொறச்ச. நான் என்ன நெனைக்க?"

அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

குழுத்தலைவிக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். என் வீட்டில் இருப்பவர் என் கடவுச்சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், அவர்தான் மாற்றினார், தவறு என்னுடையது என்றேன். அதற்குக் கீழே, ஆனால் அவர் போட்ட தொலைவு சரியாக இருக்கலாம் என்று பள்ளங்களின் படத்தையும் சேர்த்தேன். அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் என் நிலைமை சுலபமாக இருந்திருக்கும். தவறைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் அதற்கு ஆதரவாகப் பேசுவது யாருக்கும் பிடிக்காது. பட்டியலில் என் உரிமையை நிறுத்தினார்கள். அதுவரை நான் பார்த்த படங்கள் அத்தனையையும் வேறு ஒருவரை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.

நண்பனுக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அவன் அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் எழுதுகிறவன் இல்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். வீட்டில் இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து விவரம் கேட்டார். மதினி ஒரு பக்கம் சொன்னார், நான் ஒரு பக்கம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி மதினியைப் பார்த்தார்.

"நீ என்னைய சந்தேகப்பட்டு மாடிக்கு ஏறுனியா, இவ உன்னைய சந்தேகப்பட்டு மாடிக்கு ஏறுனாளா? ஒரே வீட்ல ஒரே படியில? எதுத்தாப்புல பாத்துக்கிட்டா கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான?"

"உங்கள யாரு சந்தேகப்பட்டா? அவளத்தான்" என்றார் மதினி.

"அதுவும் சரிதான்" என்று குளிக்கப் போய்விட்டார்.

வேலையில்லாமல் மாடியில் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில், தெரு சொன்னது ஒருவழியாக உண்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். மதினி சில நாள் மேலே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்வார். பழைய, தொலைவு தெரிந்த படங்களை அவருக்குக் காட்டினேன். அவர் பார்ப்பார், கேட்பார். ஆனால் நான் வேறு எந்தக் கோப்பைத் திறந்தாலும் அவர் கண் அங்கே ஓடுவதைக் கவனித்தேன். நான் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதை அவரும் கவனித்திருந்தார்.

வில்லை அகச்சிவப்பில் பார்க்கும் இன்னொரு தொலைநோக்கியில் எங்களுக்கு நேரம் கிடைக்க நாலு மாதமாயிற்று. கிட்டத் தொலைவு சரி என்றால் அங்கே ஆக்சிஜனின் வேறொரு ஜோடிக் கோடுகள் விழ வேண்டும். தூரத் தொலைவு என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். படத்தை அனுப்பியது நண்பன்தான். குறிப்பு எதுவும் எழுதவில்லை. திறந்தேன். இரண்டு கோடுகள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது அதே வில்லோட படந்தானா? மாத்தி அனுப்பியிருக்க மாட்டாகளே?"

"அதேதான்."

"நல்லாப் பாத்தியா?"

மறுபடி ஆயத்தொலைகளைச் சரிபார்த்தேன். அதே வில்தான். அவர் தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே இருந்தன. நண்பனின் பெரிய செய்தி சிறிய செய்தியாகிவிட்டது. கட்டுரை கிட்டத் தொலைவோடு வந்தது.

அதற்குப் பிறகு குழுத்தலைவி ஒரு காரியம் செய்தார். தொலைவு உறுதியாகத் தெரிந்த படங்களை, விடையை மறைத்துவிட்டு, மதினிக்கு அனுப்பினார். புதிதாகச் சேர்பவர்கள் எல்லோருக்கும் வைக்கும் பரீட்சை அது. என்னை அறையை விட்டு வெளியே இருக்கச் சொல்லித் தனியாக எழுதியிருந்தார். நான் கீழே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள், தினமும் மதியம். மதினி தேறினார். அவருக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. எனக்கும் என் உரிமை திரும்பக் கிடைத்தது.

பொட்டிபுரத்து அண்ணனுக்கு மதினி அன்றே போன் போட்டார். "ஆமாண்ணே, நானுந்தான் பாக்குறேன். இல்ல, மேல மட்டுந்தான். நான் சொல்றேன்ல" என்று கேட்டது. மறுமுனையில் நம்பினார்களா என்று தெரியவில்லை. பேச்சு வெகுநேரம் நீண்டது.

பாஸ்போர்ட் வந்து நான் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் படம் பார்த்தோம், நான் மாடியில், அவர் கீழே அண்ணன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில். தான் போட்டு முடிக்கும்வரை ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது விதி. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் எங்கள் இருவருக்கும் ஒரே படம் வராதபடி பிரித்துவிட்டிருந்தார்கள். அது மதினிக்குத் தெரியாது. ஒருநாள் காலை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"நேத்து ஒனக்கு வளையம் ஏதும் வந்துச்சா?"

"சொல்லக் கூடாது மதினி."

"நல்லது" என்றார். "நானும் சொல்ல மாட்டேன்."